‘அப்படியே ஓடும்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், ‘ஒரு சின்ன போர்டுக்குச் செய்த சி புரோகிராம் மற்றதிலும் அப்படியே ஓடும், விலை குறைந்ததையே வாங்கலாம்’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதை நம்பிக் காசைக் கரைத்தவன் நான்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் சின்னதாக எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜவ்வரிசி ஆலைகளுக்கும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் ஈரப்பதம் பார்க்கும் பெட்டி செய்து கொடுக்கிறேன். ஒரு தோட்டத்துக் குடோனில் ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டை வைத்தேன். நன்றாக ஓடியது. அடுத்த குடோனுக்கு விலை குறைவு என்று அதே குடும்பத்துப் பை ஜீரோ. கடையிலேயே உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பில் கம்பைல் செய்த, அதாவது பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிய, அதே கோப்புதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் மாட்டி ஓட விட்டால், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (பிராசசருக்குத் தெரியாத கட்டளை) என்று ஒரு வரி, அவ்வளவுதான். தோட்டக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

தாங்கள் அறியாததல்ல. 2015-இல் வந்த பை ஜீரோவில் இருப்பது, 2012-இல் வந்த முதல் பையின் அதே ஆர்ம்வி6, அதாவது ஆர்ம் வகையின் ஆறாம் பதிப்புப் பிராசசர். உபுண்டுவோடு வரும் ஆர்ம் கிராஸ் கம்பைலரோ (லேப்டாப்பிலிருந்தே ஆர்ம் போர்டுக்குக் கம்பைல் செய்வது) அடுத்த பதிப்பான ஆர்ம்வி7-ஐ மனதில் வைத்துத்தான் கட்டளைகளை எழுதும். பை 3-க்கு அது புரியும், ஜீரோவுக்குப் புரியாது. ஆர்ம்வி6 என்று நாமே குறிப்பிட்டாலும் தப்பமுடியாது. கூட இணைகிற தொடக்கக் கோப்புகள் ஆர்ம்வி7-க்குச் செய்தவை, நாம் எழுதியது தொடங்கும் இடமான மெயினைத் தொடும் முன்பே புரோகிராம் விழுந்துவிடும்.

நின்றுபோனாலாவது தெரியும். தப்பாக ஓடுவதுதான் கொடுமை. சென்சார் கம்பி கழன்றால் -1 என்று வைத்து, அதைக் ‘கேர்’ என்ற ஒரு பைட் டைப்பில் போட்டிருந்தேன். லேப்டாப்பில் சோதித்தபோது அலாரம் அடித்தது. ஆனால் ஆர்ம் லினக்ஸில் வெறும் கேருக்கு மைனஸ் கிடையாது, -1 அங்கே 255 ஆகிவிடும். ஒரு மழை நாளில் மேஸ்திரி போன் செய்து, “அண்ணா, ஈரம் 255 சதம்னு காட்டுது, மூட்டையெல்லாம் பிரிச்சுக் காயப்போடவா?” என்று கேட்டார். நல்ல மனுஷன், கேட்டுவிட்டுச் செய்தார். ‘சைன்டு’ (மைனஸும் உண்டு) என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியானது. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று.

அப்புறம், ‘பைக்கு ஒத்தது’ என்று ஒரு வியாபாரி என் தலையில் கட்டிய போர்டுகள் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. கம்பி மாட்டும் 40 பின் வரிசை மட்டும்தான் ஒத்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்பில் கம்பைல் செய்ததைப் பென்டிரைவில் கொண்டுவந்து, “எக்ஸெக் ஃபார்மட் எர்ரர் வருதுண்ணா” என்று முகம் வாடி நிற்கிறார்கள். லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86 வகைப் பிராசசருக்குச் செய்ததை ஆர்ம் எப்படி ஓட்டும்? இதைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சென்னை ஐஐடியில் உருவான சக்தி பிராசசர் ரிஸ்க்-வி என்ற வேறொரு வகை, ஆர்ம் அல்ல. உங்கள் வரியைப் படித்த பிள்ளை அதிலும் அப்படியே ஓடும் என்றுதானே நினைப்பான்?

போன வருடம் இதே விஷயமாக ஒரு பக்கத்துக்கு எழுதினேன். நான்கு வரியாக வெளியிட்டீர்கள். இடநெருக்கடி புரிகிறது. ஆனால் பிராசசர் பெயர்கள் இருந்த வரிகளையே வெட்டியதில் மிகவும் வருந்தினேன்.

இனி புரோகிராம் அச்சிடும்போது எந்த போர்டு, எந்த பிராசசர், கம்பைலரின் எந்தப் பதிப்பு என்று அடியில் ஒரு வரி போடுங்கள். அடுத்த இதழில் அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சேலம்.