மோட்டார் சைக்கிளின் வால்வு இடைவெளியைக் காதால் அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவுப் பொதிகளை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பவர்கள் உட்பட, மோட்டார் சைக்கிளை நம்பிப் பிழைக்கும் பலர் கொழும்பில் இருக்கிறார்கள். எஞ்சினின் மேற்பகுதியில் வால்வு தளர்ந்து தட்டும் டெப்பட் சத்தம் கேட்டவுடன் கராஜுக்குச் சென்று, அது முற்றாக அடங்கும்வரை வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் திருகாணியை இறுக்குவிப்பதே நல்ல பராமரிப்பு என்ற எண்ணம் அவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில், சத்தமிடும் தளர்ந்த வால்வைவிடச் சத்தமே இடாத இறுகிய வால்வுதான் எஞ்சினுக்குப் பெரிய ஆபத்து.

எஞ்சின் சூடேறும்போது உலோகம் விரிவதால், வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ரொக்கருக்கும் வால்வின் நுனிக்கும் இடையில் சிறு இடைவெளி விடப்படுகிறது. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் இது 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரையே. இது இல்லாமற்போனால் வால்வு தன் இருக்கையில் முழுமையாகப் பதியாது. இருக்கையில் பதிந்திருக்கும் வேளையிலேதான் வால்வு தன் வெப்பத்தைச் சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது என்பதால், அவ்வாய்ப்பை இழந்த புகை வெளியேற்றும் வால்வின் விளிம்பு நாளடைவில் கருகிவிடும். அதன்பின் திருகாணியைத் திருப்பிப் பயனில்லை. சிலிண்டர் தலையையே கழற்ற வேண்டிவரும்.

இவ்வேலைக்குக் கராஜைவிட வீடே பொருத்தம் என்பேன். இடைவெளியை ஆறிய எஞ்சினில்தான் அளக்க வேண்டும். 35 பாகை செல்சியசுக்குக் கீழே என்று ஹொண்டா கையேடுகள் பல வரையறுக்கின்றன. காலி வீதி நெரிசலில் ஊர்ந்துவந்த வண்டி அரை மணி நேரத்தில் அவ்வளவுக்கு ஆறாது. இரவு முழுவதும் வீட்டில் நின்ற வண்டியோ காலையில் தயாராக இருக்கும்.

தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது இலகு. பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி இரு சுற்றுக்கு இருமுறை நேர்ப்படும். உள்ளிழுக்கும் வால்வு இறங்கி, மீண்டும் மேலெழுந்து மூடியபின் வருவதே நமக்கு வேண்டியது. இதில் பிழைத்தால் அளவு முழுவதும் பிழைக்கும். பஞ்சிகாவத்தையில் வாங்கக்கூடிய, வெவ்வேறு தடிப்புள்ள மெல்லிய தகடுகளைக் கொண்ட அளவுகருவியான பீலர் கேஜின் உரிய தகடு அந்த இடைவெளியில் இலேசான உரசலுடன் நகர வேண்டும். திருகாணியை அசையாமல் பிடிக்கும் பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் சற்றுத் திரும்பக்கூடுமாதலால், இறுக்கியபின் மறுபடி அளப்பது கட்டாயம். திருகாணிக்குப் பதிலாக, மாற்றிவைத்து இடைவெளியைச் சரிசெய்யும் சிம் தகடுகள் கொண்ட எஞ்சின்களை மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

என் வண்டியுடன் கிடைத்த கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய இடைவெளி அளவையும், ஆறிய எஞ்சினில் அளக்க வேண்டும் என்ற குறிப்பையும் விற்பனையாளர்கள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வண்டியிலேயே ஒட்டித்தர வேண்டும். கராஜ் உரிமையாளர்களும் இவ்வேலைக்கு வரும் வண்டியை முதல் நாள் மாலையே பெற்று, மறுநாள் காலையில் அளக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.