அறங்காவலர்களே, அந்தத் தெற்குப் பிரகாரத்தை விட்டுவிடுங்கள்

எங்கள் பேட்டை சிவன் கோயிலின் அறங்காவலர் குழுவினருக்கு வணக்கம்.

திருப்பணிக்காக நீங்கள் வாசலில் கட்டியிருக்கும் பிளெக்ஸில் வரைபடத்தைப் பார்த்தேன். கோபுரத்துக்கு வண்ணம், கழிப்பறை, மழைநீர் வடிகால் எல்லாம் சரி. வடிகால் எப்போதோ வந்திருக்க வேண்டியது. என் வருத்தம் மற்ற இரண்டில். தெற்குப் பிரகாரம் முழுக்க நிரந்தரமாக ஸ்டீல் கம்பி வரிசை. அதை ஒட்டி, நந்தவனம் இருந்த இடத்தில், கண்ணாடிச் சுவரோடு ஏசி தியான மண்டபம்.

கூட்டத்தோடு கும்பிட வருகிறவருக்கு வரிசை, தனியே கண்மூட வருகிறவருக்கு அறை என்று பிரித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படி இரண்டு ரகமாக இல்லை.

பிரதோஷத்தன்று கவனித்துப் பாருங்கள். நந்திக்குப் பாலும் இளநீரும் ஊற்றும்போது முண்டியடித்து எட்டிப் பார்க்கிற அதே ஆள்தான், தீபாராதனை முடிந்ததும் தெற்குப் பிரகாரத் தூணில் சாய்ந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கும். பக்கத்தில் ஒரு பாட்டி பூ தொடுப்பார், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும், தொன்னையில் சுண்டல் வரும். அவருக்கு என்ன கவலை என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் அப்படி உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லையா?" என்பார்கள். ஏசி மண்டபத்தில் உட்கார்ந்தாலோ தியானம் செய்தே ஆக வேண்டும்! பிரகாரத்தில் சும்மா இருக்கலாம். நாலு பேர் நடுவில் தனியாக இருக்கலாம் என்பதற்காகவே பலர் வருகிறார்கள்.

2021-இல் தொற்றுக்காக வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வழிபாட்டுத் தலங்களை மூடி வைத்திருந்தார்களே, அப்போது எல்லார் வீட்டிலும் பூஜை அலமாரி இருந்தது, போனில் அபிஷேகம் நேரலையாக வந்தது. அப்படியும் பூட்டிய கோபுரக் கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார்கள். சாமி எங்கும் இருக்கிறார் என்பது தெரியாதவர்களா அவர்கள்?

மயிலாப்பூரில் இறந்துபோன பூம்பாவையை எழுப்பச் சம்பந்தர் பாடிய பதிகம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதில் அந்தப் பெண்ணுக்குத் தத்துவம் சொல்லவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை அடுக்கி, இவற்றைப் பார்க்காமலே போகிறாயா என்றுதான் கேட்கிறார். தனிமைக்குப் பேர்போன வள்ளலாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இளம்வயதில் சென்னை ஏழு கிணறு பகுதியில் இருந்த வீட்டின் மாடி அறையில் கண்ணாடி முன் விளக்கேற்றி வழிபட்டார் என்பார்கள். அவரே கந்தகோட்டத்துக்கும் போய், முருகனை ஒருமனதாக நினைப்பவர்களின் உறவு வேண்டும் என்று பாடினார். பின்னால் வடலூரில் 1867-இல் தருமசாலை, 1872-இல் சத்திய ஞான சபை என்று அவர் நிறுவியவை எல்லாரும் கூடும் இடங்கள். நம் கோயிலுக்கு மட்டுமான விஷயமும் இல்லை இது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுது முடித்தவர்கள், அப்புறம் அவரவர் கையேந்தி அவரவர் துஆவைக் கேட்கிறார்கள்.

ஞாயிறுகளில் தெற்குப் பிரகாரத்தில் நடக்கும் திருவாசகம் முற்றோதலுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? 658 பாடல்கள். காலையில் தொடங்கினால் முடியச் சாயங்காலம் ஆகும். சுருதி பிசகும், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ஒரு வரி பின்தங்குவார்கள், புத்தகமே இல்லாதவர்கள் வாயசைப்பார்கள். நடுவில் யாராவது ஒருவர் உடைந்து அழுவார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பாட்டும் நிற்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொள்வார். உங்கள் வரைபடத்தில் இவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று தேடினேன். அவர்கள் இடத்தில்தான் ஸ்டீல் கம்பிகள் நிற்கின்றன.

சிவராத்திரிக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் வரிசை இல்லாமல் சமாளிக்க முடியாது என்பது உண்மைதான். அந்த நாட்களுக்குக் கழற்றி மாட்டும் தடுப்புகள் போதுமே. சாதாரணச் செவ்வாய்க்கிழமை இருபது பேருக்கு எதற்கு அத்தனை கம்பி? மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மதிலோரம் கல் திண்ணை கட்டுங்கள், நாலு மின்விசிறி மாட்டுங்கள், கால் மடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி போடுங்கள். நந்தவனத்தில் திரும்பவும் நந்தியாவட்டை வைக்கலாம். அப்படியே, ஓதுவார் பாடுகிற நேரத்திலாவது ஒலிபெருக்கியில் ஓடும் பக்திப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பாவம், மனிதர் அதோடு போட்டி போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்.

கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைப்பதாக அர்ச்சகர் சொன்னார். அதைச் சாயரட்சை என்கிற மாலைப் பூஜை நேரத்தில் வைத்துவிடாதீர்கள். கருத்துச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அப்போது உள்ளேதான் இருப்போம்.

இப்படிக்கு,
தெற்கு மாட வீதிக்காரர் ஒருவர்