சைகைமொழியில் எழுத்தறிவு வேண்டும்

ஆசிரியருக்கு,

காது கேளாதோருக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர, காது கேளாதவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தும் முயற்சி இந்தியா, கானா, உகாண்டாவில் நடந்திருக்கிறது. படிவம், அறிவிப்பு, குறுஞ்செய்தி என்று அன்றாடம் கைக்கு வரும் எழுத்தை வைத்துச் சைகைமொழியிலேயே விளக்குகிறார்கள்.

நீலகிரிக்கு இது நன்றாகவே பொருந்தும். ஃபேக்டரி தரும் பச்சைத் தேயிலை ரசீதில் எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, கிலோவுக்கு என்ன விலை என்பதைவிட நல்ல பாடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏது? பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியே பள்ளியை முடித்தவர்களுக்கு அந்த ரசீது புரிவதில்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். இன்னும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்கிறோம்!

சைகைமொழி தெரிந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவிலேயே சொல்கிறது. ஊட்டியில் மட்டும் வகுப்பு வைத்தால் போதாது; கூடலூரிலிருந்து அங்கே சுமார் 50 கிலோமீட்டர். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். எனவே கோத்தகிரி, குன்னூர், கூடலூர் நூலகங்களில் மாலை வகுப்புகளை மாவட்ட நிர்வாகம் தொடங்கட்டும். நடத்தும் பொறுப்பைக் காது கேளாத இளைஞர்களுக்கே தரட்டும், ஊதியத்தோடு. சேவை என்ற பெயரில் சும்மா வேலை வாங்கக் கூடாது.

- சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி