அம்மாவை முதலில் உட்கார வைத்துப் பார்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் இத்தனை தாமதம். அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்து வந்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். சின்னவளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். வீட்டில் திடீரென்று சத்தம் குறைந்துவிட்டது, இன்னும் பழகவில்லை. உன் வீட்டில் இரட்டையர் இரண்டு பேரும் சேர்ந்து போடும் சத்தத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் பணத்துக்குப் புதிதாக ஒரு சின்ன எஸ்யூவி வாங்கலாம், அல்லது அதே பணத்துக்கு மூன்று வருடம் ஓடிய, ஒரு அளவு பெரிய எஸ்யூவி வாங்கலாம், எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை என் பதில் இரண்டாவது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் யார் எங்கே உட்காருவீர்கள் என்று யோசித்துப் பார். அம்மாவுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும், அதனால் முன்னால். உன் கணவர் ஓட்டுவார். பின்னால் இரண்டு ஓரத்திலும் இரட்டையரின் குழந்தை சீட்டுகள். குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு ஓர இருக்கைகளுக்குத்தான் இருக்கும். அப்படியென்றால் நடுவில் உட்காரப் போவது நீ. ஒவ்வொரு பயணத்திலும், மணிக்கணக்கில். சின்ன எஸ்யூவியில் இரண்டு குழந்தை சீட்டுக்கு நடுவே மிஞ்சும் இடம் பெரியவர் ஒருவருக்குப் போதாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அகலத்தில் ஒரு கையகலம் கூடினாலே, நீ நிம்மதியாக உட்காருவதற்கும் தோளை ஒடுக்கிக்கொண்டு உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும். நடு இருக்கைக்கு இடுப்போடு நின்றுவிடும் பெல்ட் போதாது. தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டும், தலைக்குத் தாங்கலும் இருக்கிறதா என்று பார். உனக்காகத்தான் சொல்கிறேன். நீ எப்போதும் உன்னைக் கடைசியில் வைத்துத்தான் கணக்குப் போடுவாய்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது இரண்டு குழந்தை சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போ. அங்கேயே மாட்டிப் பார். நடுவில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுப் பார். பெல்ட் பூட்டு வரை கை நுழையாத வண்டிகள் நிறைய உண்டு. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அம்மாவையும் அழைத்துப் போ. முழங்கால் மாற்றியவர்களுக்குத் தாழ்ந்த காரில் இறங்கி உட்காருவது எவ்வளவு கஷ்டமோ, மிக உயரமான வண்டியில் ஏறுவதும் அவ்வளவு கஷ்டம். இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அவர் மேலே ஏறவும் கூடாது, கீழே விழுவது போல உட்காரவும் கூடாது, அந்த உயரம்தான் சரியான உயரம். இன்னொன்று, கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள படிச்சட்டத்தின் அகலம். அது அகலமாக இருந்தால் காலை எட்டிப் போட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கும். இது எந்த விளம்பரத்திலும் வராது. அம்மா ஒரு முறை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

இந்த வகை வண்டிகள் பிறந்ததே ஏறக்குறைய இந்த வசதிக்காகத்தான் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் உயரமான வண்டி என்றால் பெரும்பாலும் லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை வைத்துக் கட்டியதாக இருக்கும். 1994இல் டொயோட்டா ராவ்4, 1995இல் ஹோண்டா சிஆர்-வி என்று, கார் போலவே ஒரே உடலாகக் கட்டி உயரத்தை மட்டும் கூட்டிய வண்டிகள் வந்தன. ஓட்டுவதற்குக் கார், ஏறுவதற்கு எளிது, டிக்கியிலும் இடம். காட்டுக்கும் மலைக்கும் போக வேண்டுமென்று வாங்குபவர்கள் குறைவு. அதனால் நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் மாடல்தான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் தயங்காமல் மறுத்துவிடு. சேற்றிலோ பனியிலோ தினமும் ஓட்டுபவர்களுக்கு அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு எடையும் எரிபொருள் செலவும்தான் கூடும். வண்டி கிளம்ப அது உதவும், பிரேக் பிடிக்க உதவாது. பிரேக் பிடிப்பது டயரின் வேலை. அப்புறம், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுக்காகத் தரை நடுவில் மேடு கட்டியிருப்பார்கள். அந்த மேடு உன் கால் வைக்கும் இடத்தில்தான் வரும்.

எந்த எரிபொருள் என்பதில் நாங்கள் பட்ட பாட்டை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு டீசல் எஸ்யூவி வாங்கினோமே, நினைவிருக்கிறதா? பழைய வண்டிதான், ஆனால் நல்ல வண்டி. முந்தைய உரிமையாளர் தினமும் நெடுஞ்சாலையில் தொலைதூரம் ஓட்டியவர். எங்களுக்கோ பள்ளிக்கூடம், கடை, திரும்ப வீடு, அவ்வளவுதான் ஓட்டம். எட்டு மாதத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. டீசல் வண்டியின் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். பத்து நிமிடம் ஓடி நிறுத்தும் எங்கள் ஓட்டத்தில் அது ஒவ்வொரு முறையும் எரிக்கத் தொடங்கும், பாதியில் நின்றுவிடும். சூடு ஏற்றுவதற்காக அதிகப்படியாகத் தெளிக்கும் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. அளவு ஏறினால் நல்லதுதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வடிகட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை, வண்டியிலும் குறை இல்லை. எங்கள் ஓட்டத்துக்கு அது ஏற்ற வண்டி இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்: ஒரு வாரம் எங்கெங்கே, எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் குறுகிய ஓட்டம்தான். டீசலை விட்டுவிடு. பெட்ரோல், அல்லது கிடைத்தால், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். நின்று நின்று ஓடும் தெருக்களில்தான் ஹைபிரிட்டுக்கு லாபம், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டொயோட்டாவின் ஹைபிரிட்களில் கியர்பாக்ஸுக்குப் பதிலாகப் பல்சக்கரத் தொகுதி ஒன்றுதான் இருக்கிறது, இழுபடும் பெல்ட்டோ தேயும் கிளட்சோ அதில் இல்லை. பழையதாக வாங்குபவருக்கு இது பெரிய ஆறுதல். பெல்ட்டில் ஓடும் சாதாரண சிவிடி கியர்பாக்ஸ் என்றால் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் பார்க்காமல் வாங்காதே. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று கேள்.

பழைய வண்டியில் நான் முதலில் கேட்பது சர்வீஸ் புத்தகம். கிலோமீட்டரை அடுத்துதான் பார்ப்பேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது உள்ள வண்டியை, நாற்பதாயிரம் ஓடி ஒரு தாள்கூட இல்லாத வண்டியைவிட நான் நம்புவேன். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது மாற்றப்பட்டதா என்று கட்டாயம் பார். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும்.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நீ போனதும் பானட்டைத் தொட்டுப் பார். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் அந்த முதல் நிமிடத்தில்தான் தட்டும் சத்தமும் புகையும் வெளியே வரும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். மூன்று வருட வண்டியில் ஆறு வருட டயர் இருந்தால், பழைய டயரை யாரோ மாட்டி விற்கிறார்கள் என்று அர்த்தம். ஓடோமீட்டரில் எண் குறைவாகவும் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்தும் இருந்தால் பெடல் சொல்வதை நம்பு. பானட்டையும் பக்கத் தகடுகளையும் பிடிக்கும் போல்ட்டுகளின் பெயின்ட் உரிந்திருந்தால் அவற்றைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று கேள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழு. உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே மண் கறை இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் கைவிட்டுப் பார். மூக்கைத் துளைக்கிற மாதிரி வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

எல்லா வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி உண்டு. அதைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேள். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் விவகாரம் உனக்கு நினைவிருக்கும். பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான வண்டிகளில் இருந்த ஏர்பேக்குகள் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசின. உயிர்களும் போயின. மாற்றாமல் விட்ட வண்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன.

மோதல் சோதனையில் கொடுக்கும் பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது பக்கத்திலேயே ஆண்டையும் பார். சோதனைகள் வருடா வருடம் கடுமையாகிக்கொண்டே வருகின்றன. ஐரோப்பாவில் வண்டிகளைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2012இல் கொடுத்த ஐந்து நட்சத்திரமும் 2022இல் கொடுத்த ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருக்கும் வண்டியாகவே தேடு, உங்கள் பணத்துக்குக் கிடைக்கும். எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் புதைத்திருக்கும் வண்டி எனக்குப் பிடிப்பதில்லை. குழந்தை பின்னால் அழும்போது, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கத் திரையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

புதியதே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. அதே மாடலின் மூன்று வருட வண்டிக்கும் புதிய வண்டிக்கும் விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் புதியதையே வாங்கு. சில மாடல்கள் மதிப்புக் குறையாமல் அப்படித்தான் விற்கின்றன. முழு வாரண்டியும் கிடைக்கும், முதல் கிலோமீட்டரிலிருந்து எப்படி ஓடியது என்பதும் உனக்கே தெரியும். கடன் வாங்குவதாக இருந்தால் இரண்டு வண்டிக்கும் வட்டியைச் சேர்த்துக் கடைசித் தொகையை ஒப்பிட்டுப் பார், பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதலாக இருக்கலாம். ஆனால் நீ எழுதிய இரண்டு வண்டிகளில் புதியது சின்னது. புது வண்டி என்ற சந்தோஷம் சில மாதங்களில் பழகிப்போகும். தோளை ஒடுக்கி உட்காருவது பழகாது.

விலை பேசி முடிப்பதற்கு முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டு. லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல். என்னிடம் ஓபிடி கருவி ஒன்று இருக்கிறது, போனோடு இணைத்தால் வண்டி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறிகளைப் படித்துக் காட்டும். சமீபத்தில் அழித்திருந்தால் அதுவும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை நாளைக்கே பார்சலில் அனுப்புகிறேன். சின்னவள் இரட்டையருக்காகப் பின்னிய இரண்டு தொப்பிகளும் அதே பெட்டியில் இருக்கும். ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது, யார் தலைக்குச் சேருகிறதோ அவர்களுக்குப் போடு.

அம்மா எந்த வண்டியில் ஏறி இறங்கினார், என்ன சொன்னார் என்று எழுது. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் தோழி