பால் கொதித்துக்கொண்டுதான் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அந்தக் கம்பளிக் குல்லாவைப் போடுகிறாயா? காதில் குளிர் ஏறினால் உனக்கு உடனே மூச்சு இழுக்கும். குளிர் முடியும்வரை கழற்றாதே.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு டைப் பண்ணித் தருகிறவள் உன் தங்கச்சி. அவள் படிக்க வேண்டாம் என்றுதான் தபாலில் போடுகிறேன். வந்து சேர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

நீ அனுப்பிய படங்களை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். நீலமும் மஞ்சளுமாக அந்தக் காலேஜ் சட்டை உனக்கு எடுப்பாக இருக்கிறது. பேண்டு செட்டு போகிற வீடியோவைப் பார்த்து அப்பத்தா, "நம்ம மாசித் திருவிழா மாதிரில்ல இருக்கு" என்றாள். கறுப்பர் காலேஜா என்று அன்றைக்கு முகம் சுளித்த உன் மாமாகூட இப்போது, "என் மருமகன் படிக்கிற காலேஜ்ப் பயலுகதான் அமெரிக்காவையே ஆட்டுனவனுக" என்று சீட்டாடும் இடத்தில் அளக்கிறார். எனக்கும் பெருமைதான்.

ஆனால் மூன்று வாரமாக ஒரு போன் இல்லை. நான் என்ன கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. படிப்பு ஜாஸ்தி என்றால் சரி, படி. கூட்டம், மேடை என்று முன்னால் போய் நிற்காதே. நீ விசாவில் இருக்கிறவன். அந்தப் பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர். நீ பின்னால் நின்று கைதட்டினால் போதும்.

பிப்ரவரி 1 அன்று அந்த நாலு பேர் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு நீ சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் தங்கச்சியின் போனில் தேடிப் படித்தேன். 1960. நீ இருக்கிற அதே கிரீன்ஸ்பரோ கடைத்தெருவில் உல்வொர்த் கடை. நாலு பேரும் உன் காலேஜில் முதல் வருடம் படித்த கறுப்பர் பையன்கள், உன்னைவிடச் சின்னவர்கள். பற்பசை, அது இது என்று சாமான் வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கடையில் வெள்ளைக்காரர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார்கள். நான் கடைக்காரன், எனக்கு அந்த ரசீதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. பற்பசைக்கு வாங்கிப் போட்ட காசு காசு, காபிக்கு நீட்டினால் மட்டும் தீட்டா? கடை மூடும்வரை அசையவில்லை. மறுநாள் இருபதுக்கு மேல், அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கில். ஜூலை 25-ம் தேதிதான் கடைக்காரன் இறங்கி வந்திருக்கிறான். அன்றைக்கும் முதலில் உட்கார வைத்துப் பரிமாறியது தன் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பர்களுக்கு. விவரமான முதலாளி.

உன் காலேஜ் கதையையும் படித்தேன். கறுப்பரைச் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தனியாக ஒன்று கட்டு என்று 1890-ல் சட்டம். சேர்க்க மனசில்லாமல் 1891-ல் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். காலேஜுக்கே தனிக் குவளை. அந்தக் குவளையைத்தான் இன்றைக்கு ஊரே பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'ஏகி பிரைடு' என்று உங்கள் காலேஜ் கோஷத்தைக் கத்துகிறீர்கள். கத்துங்கள். நீ பின்னால் நின்று கத்து.

குவளை என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு நீ, "நம்ம தாத்தா கடையில எப்படிப்பா?" என்றாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இருந்தது தம்பி. கூரை நுனியில் ஆணி அடித்து மூன்று அலுமினியக் குவளை தொங்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். பெஞ்சு நமக்கு, தரை அவர்களுக்கு. மாசித் திருவிழாவுக்கு விடிய விடியத் தப்படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் அதே ஆணிக் குவளைதான். நான் டவுசர் போட்ட காலத்திலேயே கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றப் பழகிவிட்டேன். லாகவமாக ஊற்றுகிறான் என்று தாத்தா மெச்சுவார்.

தாத்தா தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அவருக்கு அப்புறம் கடை என் கைக்கு வந்தது. குவளையை எடுத்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் பெருமை பேசினேன். என்ன செய்தேன் தெரியுமா, அவர்களுக்கு மட்டும் பேப்பர் கப். கண்ணாடி கிளாஸ் நம் ஆட்களுக்கு.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவன், மதுரையில் வேலை கிடைத்து, பேண்ட் சட்டையோடு வந்தான். நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "மாப்ள, கிளாஸ்ல ஒரு டீ" என்றான். பெஞ்சில் நம் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் பால் தீர்ந்துபோச்சு என்றேன். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டீக்கான காசை எண்ணி பிஸ்கட் பாட்டில் மூடிமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் நம் தெரு வழியாக வந்ததில்லை. அவன் பேரை எழுதக் கை வரவில்லை.

இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். அங்கே வரும் யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம். ராத்திரி லைப்ரரியிலிருந்து தனியாக நடந்து வராதே. குல்லா.

அங்கே உன்னையும் எழுந்து நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்றாயே. சொல்வதென்றால் சொல். தாத்தா பேர் மட்டும் வேண்டாம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் பேரைச் சொல்லிக்கொள்.

இது கைக்கு வந்ததும் போன் பண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா