எம்பிரஸ் பிளேஸில் போட்ட எழுத்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலி கூடுகிறது, வெயில் வந்தால் குறைகிறது. வாய் மட்டும் எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரிதான்.

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ் அகப்பட்டுவிட்டது. மூன்று நாள் தேடினோம். கடைசியில் அம்மாவின் நகை ரசீதுகள் கிடக்கும் பிஸ்கட் டின்னில், தம்பியின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருந்தது. மடிப்பில் நைந்திருக்கிறது, எழுத்து அழியவில்லை. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்றான் தம்பி. நீ அசலைக் கேட்டிருக்கிறாய், ஆகவே தபால்தான். கூடவே கடிதம் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

சான்றிதழைக் கையில் எடுத்த மறுநாள் காலை அங் மோ கியோவில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கினேன். நூலகத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். ஆற்றோரமாக நடந்து கவனா பாலத்துக்கு வந்தபோது அந்தப் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் நிற்பதைப் பார்த்தேன். மூன்று ஹண்டிரட்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் இந்தப் பாலத்தில் போகக்கூடாது என்று காவல்துறைத் தலைவரின் ஆணை. நம் கணக்கில் சுமார் 150 கிலோ. சிறுமியாக இருந்தபோது அதைப் படித்துக் காட்டச் சொல்லி, "அப்படியானால் அப்பா போகலாமா?" என்று என் வயிற்றைத் தட்டினாய். இப்போது தாராளமாகப் போகலாம், இளைத்துவிட்டேன்.

பாலத்தைக் கடந்தால் எம்பிரஸ் பிளேஸ் கட்டடம். வெள்ளை வெளேரென்று தூண்களும் மரச்சட்டம் வைத்த உயரமான சன்னல்களுமாக இருக்கும் அது இப்போது ஆசிய நாகரிக அரும்பொருளகம். 2003-இல் திறந்தார்கள். நீ படிப்புக்கும் வேலைக்குமாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரே ஒரு தடவைதான் எங்களோடு வந்தாய். எனக்கோ அது அரும்பொருளகமே இல்லை, அரசாங்க அலுவலகம். பிறப்பு, இறப்பு, குடியுரிமை, குடிநுழைவு எல்லாம் அங்கேதான். தாத்தா மாயவரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து இருபது வருடம் கழித்துக் குடியுரிமைத் தாள் வாங்கியது அந்தக் கட்டடத்தில்தான். வாங்கி வந்த அன்று அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

வாசலில் ஒரு பெண் நுழைவுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடையாள அட்டையை நீட்டினேன். குடிமக்களுக்கு நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம் என்றாள். தாத்தாவைக் குடிமகனாக்கிய கட்டடம், குடிமகன் மகன் என்பதற்காக என்னிடம் காசு வாங்காமல் உள்ளே விடுகிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, மின்தூக்கி அந்தப் பக்கம் இருக்கிறது ஐயா என்று மரியாதையாகக் கை காட்டினாள்.

உள்ளே போனதும் நேராக ஆற்றைப் பார்த்த கூடத்துக்குப் போனேன். அங்கேதான் சீனாவின் தாங் அரசர் காலத்துக் கப்பல் சரக்கு இருக்கிறது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடல் அட்டை பிடிக்க முங்கியவர்கள் கண்ணில் பட்ட கப்பல். ஏறத்தாழ 60,000 பொருள்கள். பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். மற்றவர்கள் தங்கக் கோப்பையைப் பார்க்கக் கூடி நின்றார்கள். எனக்குத் தங்கத்தைவிடக் கட்டிய விதம்தான் கண்ணில் பட்டது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, சரக்கை எண்ணிக் குறிப்பவனாக, வேலை பார்த்தவன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்? பெரிய மண்ஜாடிக்குள் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, சுருள் சுருளாக, நத்தை ஓடு மாதிரி அடுக்கியிருக்கிறான் ஒருவன். ஒரு ஜாடிக்குள் நூற்றுக்கும் மேல். இடைவெளி இல்லை, ஆட்டம் இல்லை. கடலுக்கடியில் ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் கிடந்தும் உள்ளே இருந்தவை புதுசு மாதிரி வந்திருக்கின்றன. எங்கள் காலத்தில் இப்படி அடுக்கத் தெரிந்த ஆள் துறைமுகம் முழுக்கத் தேடினாலும் நாலு பேர் இருந்திருக்க மாட்டார்கள். 1972-இல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்த பிறகு அந்த நாலு பேருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பெட்டியை மூடி முத்திரை வைத்துவிட்டால் உள்ளே என்ன என்று டாலி கிளார்க்குக்கே தெரியாது, தாளில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதுதான்.

கப்பலும் ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியதாம். அரபுக்கடல் பக்கத்துக் கைவேலை என்கிறார்கள். மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், தையலை உற்றுப் பார்த்தேன்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு சாதாரணக் கிண்ணத்துக்கு முன்னால். சுடுவதற்கு முன் யாரோ அதன் புறத்தில் ஒரு தேதியைக் கீறியிருக்கிறான். நம் ஆண்டுக் கணக்கில் 826 என்று சொல்கிறார்கள். அந்த ஒரு கீறலை வைத்துத்தான் கப்பல் எந்தக் காலத்தில் புறப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கீறியவன் என்ன நினைத்துக் கீறினான்? வரும் தலைமுறைக்கு என்று நினைத்திருக்க மாட்டான். மேஸ்திரி கேட்டிருப்பான், எழுதியிருப்பான். தேதி சரியாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான். தவறாக எழுதியிருந்தால்? கீறியது கீறியதுதானே, அதையே நம்பியிருப்பார்கள்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரியத் தொடங்கியிருக்கும். நீ கெட்டிக்காரி. இன்னும் கொஞ்சம் சுற்று இருக்கிறது.

மேல்மாடிக்குப் போகும் வழியில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். (பொருள்களைத்தான் தொடக்கூடாது.) எவ்வளவு கனமான சுவர்! 1864-இல் தொடங்கி 1867-இல் முடித்த பகுதி; நீதிமன்றம் என்று நினைத்துக் கட்டி, அரசாங்க அலுவலகமாகத் திறந்தார்கள். கட்டியவர்கள் கைதிகள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தி இங்கே கொண்டுவந்த கைதிகள், அதில் சென்னை மாகாணத்து ஆட்களும் இருந்தார்கள். 1825-இலேயே முதல் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. சாலை, பாலம், இஸ்தானா மாளிகை, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எல்லாம் அவர்கள் கை பட்டவைதான். அந்தத் தேவாலயத்தின் சுவருக்குப் பூசிய மெட்ராஸ் சுண்ணாம்பின் பக்குவம் எழுத்தில் இருக்கிறது: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர். அம்மாவிடம் சொன்னால் பலகாரமா கட்டடமா என்று கேட்பாள். பூசியவன் பெயரைச் சுவர் எங்கும் தேடினாலும் கிடைக்காது. அந்தக் காலத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. 1849-இல்தான் அதை நிறுத்தினார்கள். முந்தி வந்தவர்கள் அந்த நெற்றியோடேயே இங்கு வெயிலில் கல் சுமந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத்தில் நின்றது அது ஒன்றுதான்.

உமா சிலை நினைவிருக்கிறதா? அம்மா கைகூப்பி நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்தி, கண்ணாடிக்கு முன்னால் திருவாசகம் முணுமுணுத்தாளே, நீ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றாயே, அந்தச் சோழர் காலத்து வெண்கலம். 2007-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பிறகுதான் தெரிந்தது, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடியது என்று. இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு வந்தது என்று அதற்கும் தாள்கள் இருந்தன, அத்தனையும் பொய். 2015-இல் இந்தியாவுக்கே திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். செய்தி வந்த அன்று அம்மா விளக்கேற்றினாள். அந்த அறையில் இப்போது வேறு சிலைகள் இருக்கின்றன. அழகானவைதான், நான் நிற்கவில்லை.

சரி, சுற்றி முடித்துவிட்டேன்.

1979-இல் உன் பிறப்பைப் பதிய நான் வந்தபோது இதே கட்டடத்தில் மரத்தடுப்பு வைத்த நீளமான கவுண்டர் இருந்தது. எந்த அறை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆற்றுப் பக்கச் சன்னல் என்பது மட்டும் நிச்சயம். அன்று ஆற்றின் நாற்றம் தாங்காது. தொங்கான் என்னும் சரக்குப் படகுகள் அடைத்துக்கொண்டு கிடக்கும், மின்விசிறி நாற்றத்தையே சுற்றிச் சுற்றி வீசும். என் சட்டைப்பையில் அம்மா எழுதிக் கொடுத்த துண்டுத்தாள். தமிழாசிரியை அல்லவா, கயல்விழி என்று தமிழில் எழுதி, கீழே ஆங்கில எழுத்திலும் எழுதி, ழகரத்துக்கு 'இசட் எச்' போட்டு அடிக்கோடு இட்டிருந்தாள். ஒன்றல்ல, இரண்டு கோடு.

நான் 'எல்' போட்டேன்.

நாற்பது வருடத்துக்கு மேலாக உன்னிடமும் அம்மாவிடமும் நான் என்ன சொல்லி வந்தேன்? கவுண்டரில் இருந்தவர் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்றுதானே? பாஜு குரோங் அணிந்த மலாய்க்கார அம்மா அவர். உண்மையில் அவர் என் படிவத்தையும் கையில் இருந்த துண்டுத்தாளையும் மாறி மாறிப் பார்த்து, "பெத்துல்கா?" என்று கேட்டார். சரிதானா என்று. நான் தலையாட்டினேன். மறுபடியும் துண்டுத்தாளை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். எழுதியது என் கை, சான்றிதழுக்குப் போனது என் எழுத்து.

ஏன் செய்தேன் என்றால், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வேலையிடத்தில் புதிதாக வந்த பையன் ஒருவனின் பெயரில் அந்த இசட் இருந்தது. கங்காணி முதல் கிரேன்காரர் வரை ஆளுக்கொரு விதமாக அதைக் கடித்துத் துப்பினார்கள். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிடுவார்களே என்று பயந்தேன். வரிசையில் நின்ற கால்மணி நேரத்தில் பயம் பெரிதாகிவிட்டது. 'எல்' என்றால் எல்லோரும் ஒரே மாதிரி தவறாகச் சொல்வார்கள், அது நல்லது என்று என் புத்திக்குப் பட்டது. வெளியே வந்து பக்கத்து உணவங்காடியில் (அதையும் பிறகு இடித்துவிட்டார்கள்) ஒரு தட்டு மீ கோரெங் சாப்பிட்டேன். பாதி தட்டில் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்ற பொய் தயாராகிவிட்டது. அந்த அம்மாள் முகம் இப்போதும் நினைவிருக்கிறது. அவர் மேல் பழியைப் போட்டு எத்தனை தீபாவளிக்குச் சிரித்திருக்கிறோம்!

நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம், "என் பெயரை நான் மட்டும்தான் சரியாகச் சொல்கிறேன்" என்று அழுதாயே, அன்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. தம்பி பிறந்தபோது கவனித்தாயா, ழகரம் இல்லாத பெயராகப் பார்த்து நானே வைத்தேன்.

இப்போது நீ உன் தாள்களைத் திருத்துவதற்குத்தான் அசலைக் கேட்கிறாயோ என்று எனக்கு ஓர் எண்ணம். அப்படியென்றால் திருத்து. வழக்கறிஞர் செலவு எவ்வளவு என்று எழுது, நான் தருகிறேன், மாப்பிள்ளையிடம் வாங்காதே. வேறு எதற்காவது என்றாலும் சரிதான். அம்மாவிடம் இதை நீயே சொல்லிக்கொள், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். லேமினேட் செய்துவிடாதே. பேரனுக்கு அந்தப் பாலத்துப் பலகையின் படம் ஒன்றும் உள்ளே இருக்கிறது.

தபால் நிலையத்தில் முகவரி எழுதும்போது, முதல் தடவையாக, உன் பெயரை அம்மா எழுதிக் கொடுத்தபடி இசட் எச் போட்டு எழுதினேன். அங்கிருந்த பெண் அதைப் பார்த்து, பதிவுத் தபால் வாங்குபவரின் பாஸ்போர்ட்டில் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்றேன். அப்படியானால் மாற்றிவிடுங்கள், வாங்கும்போது சிக்கல் வரும் என்றாள். அடித்துவிட்டு 'எல்' போட்டேன். உறையின்மேல் அந்த அடித்தல் தெரியும்.

அன்புடன்,
அப்பா