அம்மா வருகிற வழி

வின்னிபெக்,
மார்கழி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கோம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எழுதினால்தான் உங்களிடமிருந்து விஷயம் வருகிறது, அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன். அம்மா இங்கே வருவதற்கு செந்தில் கொடுத்த மூன்று வழி டிக்கெட் விவரத்தை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. அப்பா, அந்த மூன்றுமே வேண்டாம். முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

கனடா விசா ஒட்டி அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டதால் இனி தடையே இல்லை என்று செந்தில் நினைக்கிறான். அந்த விசா போய்ச் சேருகிற நாட்டுக்கு. நடுவில் இறங்குகிற நாட்டுக்கு அதனதன் சட்டம் தனி.

நியூயார்க் வழி விலை குறைவு என்பது சரிதான். ஆனால் அமெரிக்க விமான நிலையங்களில், வெளிநாட்டிலிருந்து வந்து வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவர்களை உள்ளேயே உட்கார வைக்கிற ஏற்பாடு கிடையாது. எல்லோரும் இமிக்ரேஷன் வரிசையில் நின்று, நாட்டுக்குள் நுழைந்து, பிறகுதான் அடுத்த விமானத்துக்குப் போகணும். இரண்டு மணி நேரத்துக்கும் அமெரிக்க விசா வேண்டும். வழியில் இறங்கிப் போகிறவர்களுக்கென்றே சி-1 என்று ஒரு விசா வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனி மனு, தனிக் கட்டணம், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். முன்பு விசா இல்லாமல் மாறிப் போகிற வசதி இருந்தது. 2003 ஆகஸ்டில் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள், அதோடு சரி.

இரண்டாவது, பிராங்பர்ட்டில் ஒரு முறை, ஆம்ஸ்டர்டாமில் ஒரு முறை மாறுவது. இதைத் தவமணி அக்காவிடம் காட்டினேன். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, உங்களுக்குத்தான் தெரியுமே. எந்த ஊர் ஏர்போர்ட்டில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். பழைய போர்டிங் பாஸ், விசா நகல் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் ஆண்டு வாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறார். பார்த்ததுமே, "ஒரு ஊரிலை மாறினால் பிரச்சினை இல்லை பிள்ளை, ரெண்டு ஊரிலை மாறினால் விசா கேப்பினம்" என்றார். ஐரோப்பாவில் ஷெங்கன் என்று ஒரே எல்லையாகச் சேர்ந்திருக்கிற நாடுகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பறப்பது உள்ளூர்ப் பயணம் மாதிரிக் கணக்கு. முதல் ஊரிலேயே இமிக்ரேஷன் தாண்டி உள்ளே நுழைந்தாக வேண்டும், அதற்கு முழு ஷெங்கன் விசா தேவை. இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரே ஒரு ஊரில் மாறுவதற்கும் டிரான்சிட் விசா உண்டு. கனடா விசா கையில் இருந்தால் அது மட்டும் வேண்டியதில்லை. அக்காவின் அம்மாவிடமும் கனடா விசா இருந்தது. அந்தத் தைரியத்தில் யாரோ இரண்டு ஊர் மாறுகிற டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பு கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்களாம். எழுபது வயது அம்மா, வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, இரண்டு பெட்டியோடு வெளியே வந்து நின்றிருக்கிறார். அக்கா இதைச் சொல்லும்போது இன்னமும் குரல் தழுதழுக்கிறது. நம் அம்மாவை அப்படி நிற்க வைக்க எனக்கு மனசு இல்லை அப்பா.

கவுண்டரில் இருப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. டிமாட்டிக் என்று ஒரு கணினிப் பதிவு இருக்கிறது. எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த வழி, என்னென்ன காகிதம் என்று தட்டினால் சொல்லிவிடும். சரியான காகிதம் இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் அந்த நாடு விமானக் கம்பெனிக்கு அபராதம் போடும், திருப்பி அழைத்துப்போகிற பொறுப்பும் கம்பெனி தலையில்தான். அதனால் சந்தேகம் என்றாலே ஏற்ற மாட்டார்கள்.

மூன்றாவது லண்டன் வழி. அது இரண்டு தனித்தனி டிக்கெட், அதுவும் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் இறங்கி, காட்விக் என்கிற இன்னொரு ஏர்போர்ட்டில் ஏறுவது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்து பஸ் பிடிக்கணும். கனடா விசா இருப்பதைப் பார்த்து அதிகாரி விடலாம், ஆனால் அது அவர் முடிவு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அதனால் செந்திலிடம் இப்படிச் சொல்லுங்கள்: சென்னை, துபாய், டொராண்டோ, வின்னிபெக், எல்லாம் ஒரே டிக்கெட்டில். துபாயில் வெளியே போகாமல் மாறுவதற்கு விசா வேண்டாம். நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, சாரதா என்று மட்டும்தான் இருக்கிறது. ஒற்றைப் பெயர்க்காரர்களை உள்ளே விடுவதில் 2022 நவம்பரில் துபாயில் ஒரு கெடுபிடி வந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவரவர் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அம்மா வெளியே போகப்போவதில்லை, இருந்தாலும் விமானத்தைத் தவறவிட்டு ஓட்டலில் தங்குகிற நிலைமை வரவே கூடாது. டிக்கெட்டில் பெயர் எப்படி வரணும் என்று பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். இனிஷியல் என்று உங்கள் பெயரைச் சேர்த்துவிடப் போகிறான். வீல்சேரும் கேட்கச் சொல்லுங்கள். அம்மா வேண்டாம் என்பாள். நடக்க முடியாததற்காக இல்லை, கேட் வரைக்கும் ஒரு ஆள் கூடவே வருவார், அதற்காக.

பெட்டியில் கசகசா வைக்கவே கூடாது. துபாயில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாவுக்கு அரைக்க என்று ஒரு பொட்டலம் வைத்துவிடுவாள், நீங்களே ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மருந்து எல்லாம் டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். நான் அனுப்பிய அழைப்புக் கடிதமும் திரும்புகிற டிக்கெட்டும் பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில். இமிக்ரேஷன் டொராண்டோவில்தான். அங்கே பொதுவாக ஆறு மாதம் தங்க விடுவார்கள்.

பெற்றோருக்கென்று இருக்கிற சூப்பர் விசா போட்டால் ஒரு தடவை வந்து ஐந்து வருடம் இருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு எங்கள் வருமானக் கணக்கைக் காட்டணும், ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்கணும். அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். அவர் இப்போது கொஞ்ச நாளாக வீட்டில்தான் இருக்கிறார், நல்ல வேலையாகப் பார்த்துச் சேரலாம் என்று. எனக்கு பேக்கரியில் இரவு ஷிஃப்டும் கொடுக்கிறார்கள். அடுப்புப் பக்கம் வேலை, குளிரே தெரியாது.

வெளியே மைனஸ் முப்பது வரை போகிறது. ராத்திரி காரின் முன்பக்கத்திலிருந்து ஒயரை எடுத்து கரண்ட்டில் சொருகி வைக்கணும், இல்லையென்றால் காலையில் இன்ஜின் கிளம்பாது. அம்மாவுக்குக் கம்பளிக் கோட்டு நான் கொண்டு வருகிறேன், அங்கே வாங்க வேண்டாம். ஸ்வெட்டரும் சாக்ஸும் மட்டும் கைப்பையில் இருந்தால் போதும்.

முருங்கைக்காய் இங்கே உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கிறது. போன ஞாயிறு சாம்பார் வைத்தேன். ஆவியில் அந்த வாசனை எழுந்ததும் கொல்லைக் கிணற்றடியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, முடிந்தால் மாசியிலேயே அனுப்பிவிடுங்கள் அப்பா. அம்மா வந்து பக்கத்தில் இருந்தால் போதும்.

டிக்கெட் பணத்தை இரண்டு தவணையாக அனுப்புகிறேன். முதல் பாதி தை பிறந்ததும் வரும். அதற்காகக் கூட்டுறவு சங்கத்தில் நகையை வைக்கவேண்டாம், அம்மாவின் சங்கிலியை மட்டும் தொடாதீர்கள்.

கீழவயல் பட்டா விஷயம் என்ன ஆயிற்று? அத்தை கையெழுத்துப் போட மறுக்கவில்லை, யாரும் நேரில் போய்க் கேட்கவில்லை என்பதுதான் கோபம் என்று சித்தி சொன்னாள். பொங்கல் சீரை இந்தத் தடவை ஆள் மூலம் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்கே பத்திரத்தை நீட்ட வேண்டாம். மாமா கேட்டால் மட்டும் பேசுங்கள். அம்மா இங்கே கிளம்புவதற்கு முன் அந்தக் கையெழுத்து முடிந்துவிட்டால் நல்லது, அம்மா கையெழுத்தும் அதில் வேண்டுமே. கண்ணன் பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று எழுதச் சொல்லுங்கள். சம்பா அறுப்புக்கு மெஷின் சொல்லியாயிற்றா?

அன்புடன்,
மீனா

செந்தில் டிக்கெட் போட்டதும் பணம் கட்டும் முன் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தவமணி அக்காவிடமும் ஒரு முறை காட்டிவிட்டுச் சொல்கிறேன்.